வாய் திறந்து வாங்கிய டிராக்டர்

ஹோல்ட் ஜங்ஷன், ஐயோவா
மார்ச் கடைசி வெள்ளி

அன்புள்ள மாரெனுக்கு,

இங்கே அப்பா நலம். நான் கழுத்துக்குக் கீழே நலம், கன்னத்துக்கு மேலேயும் நலம், இடைப்பட்ட பகுதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ இடைவெளி இல்லாமல் முழுக்க நலமாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோன் செய்தபோது அப்பா எடுத்து, அம்மாவால் பேச முடியாது, எழுதுவாள் என்று சொல்லி வைத்துவிட்டார், நீ பயந்திருப்பாய், ஏனென்றால் அம்மாவால் பேச முடியாது என்ற வாக்கியத்தை இந்த வீட்டில் யாரும் இதற்கு முன் சொல்ல நேர்ந்ததில்லை. உயிருக்கு ஒன்றுமில்லை, மானத்துக்குத்தான். நீ இருக்கிற வெலிங்டன் எவ்வளவு தூரமானாலும் செய்தி உனக்கு வந்து சேரும், உன்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் அன்று அங்கே இருந்தார்கள், மீதிப் பேருக்கு அவர்கள் படம் அனுப்பிவிட்டார்கள், அதனால் என் வாயால் கேட்டுவிடு என்று எழுத வந்தேன், இப்போதைக்கு என் கையால்.

கிறிஸ்துமஸிலிருந்தே வலது காதுக்கு முன்னால், தாடை மண்டையோடு சேரும் இடத்தில், ஒரு சொடக்குச் சத்தம். வாயைத் திறந்தால் ஒன்று, மூடினால் ஒன்று. முதலில் எனக்கு மட்டும் கேட்டது, பிறகு சாப்பாட்டு மேஜையில் எதிரே இருந்த உன் அப்பாவுக்கும் கேட்டது, அவர் ஸ்பூனைக் கீழே வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்து, “தேய்மானம்” என்று ஒரே வார்த்தையில் நோயைக் கண்டுபிடித்துவிட்டு மறுபடி சூப்பைக் குடிக்க ஆரம்பித்தார். ஆப்பிளைக் கடித்தால் காதுக்குள் ஊசி, கொட்டாவி விட்டால் நெற்றிப்பொட்டு வரை வலி. பல் டாக்டர் நான் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன் என்று சொல்லி ஒரு பிளாஸ்டிக் உறை செய்து கொடுத்தார், அதைப் போட்டுக்கொண்டும் கடித்தேன், இப்போது உறையில் ஓட்டை. குடும்ப டாக்டர் மனதில் ஏதாவது கவலை உண்டா என்று கேட்டார், சொல்ல ஆரம்பித்தேன், அடுத்த நோயாளி காத்திருக்கிறார் என்றார். கடைசியில் லைல் ஆம்டாலிடம் போனேன். உனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன், என் வகுப்பில் எந்நேரமும் விரல்களில் நெட்டி முறித்துக்கொண்டிருப்பான், நானும் வெளியே போய் முறி என்று அனுப்பிக்கொண்டிருப்பேன், அவனும் சொன்ன பேச்சைக் கேட்டு டாவன்போர்ட் வரைக்கும் வெளியே போய் அதையே முறைப்படி படித்துத் திரும்பி வந்து, பழைய செருப்புக் கடை இருந்த இடத்தில், எலும்பையும் மூட்டையும் கையாலேயே சரிசெய்கிற கைரோபிராக்டராக உட்கார்ந்திருக்கிறான். ஊரில் முதுகு உள்ளவர்கள் எல்லாரும் அவனிடம் போகிறார்கள். தாடைக்காகப் போனது நான் ஒருத்திதான்.

படுக்கவைத்து இரண்டு சுண்டுவிரல்களையும் என் காதுகளுக்குள் வைத்து, “மெதுவா தொறங்க டீச்சர், மெதுவா மூடுங்க” என்றான். வலது பக்கம் தாமதமாகக் கிளம்புகிறது, இடது பக்கம் முன்னால் ஓடிவிடுகிறது, ஒரு வண்டியில் பூட்டிய இரண்டு குதிரையும் சேர்ந்து போக வேண்டாமா என்றான். “பாதி வம்பு தாடையில இல்ல டீச்சர், கழுத்துல இருக்கு” என்று சொல்லிக்கொண்டே தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒரு திருப்பு, உள்ளே யாரோ காய்ந்த சோளத்தட்டையை ஒடித்ததுபோல் சத்தம், எனக்கு வரவேண்டிய கோபம் வருவதற்குள் கழுத்து லேசாகிவிட்டது. பிறகு கையுறை மாட்டிக்கொண்டு கட்டைவிரலை வாய்க்குள் விட்டு, கடைவாய்ப் பல்லுக்கு அப்பால் உள்ள தசையைத் தேடிப் பிடித்து அழுத்தினான். கத்தலாம் என்றால் வாயில் இடமில்லை. “கடிச்சிராதீங்க டீச்சர், என் பொழப்பே இந்த வெரல்தான்” என்றான். இப்படி வாரா வாரம். வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் என் விலாசத்தை அதற்கு யாரோ தப்பாகச் சொல்லிவிட்டதுபோல் நாள்கணக்கில் வராமல் இருந்தது. வீட்டுப்பாடமும் கொடுத்தான். நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டவைத்து, முகவாய்க்குக் கீழே முஷ்டியை முட்டுக்கொடுத்து, அது தடுக்கத் தடுக்க இரண்டு விரல் அளவு மட்டும் வாயைத் திறந்து மூட வேண்டும். மணிக்கு ஒரு தடவை, எங்கே இருந்தாலும் பண்ணுங்கள் என்றான். எங்கே இருந்தாலும் என்றான், மாரென். அவன் வைத்தியம் பார்க்கிற ஆட்களில் வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்தவள் நான் ஒருத்திதான் என்று இப்போது தெரிகிறது.

போன சனிக்கிழமை பிராண்ட்வால்ட் வீட்டு ஏலம். மைலோ இறந்துபோனது உனக்குத் தெரியும், நீ அனுதாப அட்டை அனுப்பியிருந்தாய், அவர் மனைவி லவோன் அதை இன்னும் ஃப்ரிட்ஜ் கதவில் வைத்திருக்கிறாள். மூன்று பிள்ளைகளுக்குள் மனத்தாங்கல் வரக் கூடாது என்று வண்டி, கலப்பை, சங்கிலி, ஆணி டப்பா வரை எல்லாவற்றையும் ஏலத்தில் விட்டாள். மூத்தவன் கர்ட்டுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும், அந்தச் சிவப்பு டிராக்டர், மைலோவின் அப்பா வாங்கியது, மைலோ மடியில் உட்கார்ந்து கர்ட் ஓட்டப் பழகியது. இங்கே வழக்கம் உனக்கே தெரியும், அப்பாவின் டிராக்டருக்கு மகன் கை தூக்கினால் மற்றவர்கள் கையைப் பையில் விட்டுக்கொண்டு தங்கள் பூட்ஸின் அழகைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒருவரும் சொல்லிக்கொடுப்பதில்லை, ஒருவரும் மீறியதுமில்லை. உன் அப்பா ஏலம் கேட்கிற விதமும் உனக்குத் தெரியும். கையைத் தூக்கினால் பக்கத்து ஆள் விலையை ஏற்றிவிடுவான் என்று, முகவாயைக் கொஞ்சம் மேலே தூக்குவார், அவ்வளவுதான், ஏலக்காரர் டுவேன் ஒருவருக்கு மட்டும் அது புரியும். அன்று என்னைத் தன் இடத்தில் நிற்கவைத்து, நம்பர் அட்டையையும் என் கையில் கொடுத்துவிட்டு, தேவாலயத்துப் பெண்கள் போட்டிருந்த சாப்பாட்டுக் கடையில் ஆப்பிள் பை பலகாரம் தீர்ந்துவிடப் போகிறதென்று ஓடினார். சேற்றில் ஊரே நிற்கிறது. டுவேன் வாயிலிருந்து எண்கள் கொட்டிக்கொண்டிருக்கின்றன, அந்த மனிதருக்கு இத்தனை வருஷத்தில் தாடை வலி வந்ததே இல்லை, இதை மருத்துவ உலகம் கவனிக்க வேண்டும். மணி பதினொன்றானது. எனக்கு வீட்டுப்பாட நேரம்.

முஷ்டியை முகவாய்க்குக் கீழே வைத்துத் திறந்தேன், முஷ்டி தடுத்ததில் தலை நிமிர்ந்து முகவாய் மேலே போயிற்று, டுவேன் “ஹால்வர்ஸன் வீடு!” என்று நம் குடும்பப் பெயரைச் சொல்லிக் கத்தினார். வந்தவர்களை வரவேற்கிறார் என்று நினைத்து, மரியாதையாகத் தலையை ஆட்டினேன். மறுபடி திறந்தேன், மறுபடி “ஹால்வர்ஸன் வீடு!” அப்போதுதான் கூட்டம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்ப்பதையும், சிவப்பு டிராக்டருக்குப் பக்கத்தில் கர்ட் வெளுத்துப்போய் நிற்பதையும் பார்த்தேன். இல்லை என்று கத்த வாயைத் திறந்தேன். இரண்டு விரல் அளவெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வருமா, முழுக்கத் திறந்தேன், வலது பக்கம் ஏதோ தடத்தைவிட்டு இறங்கியது, அப்படியே நின்றுவிட்டது. திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன், ஏலத்தில் கையை ஆட்டினால் என்ன அர்த்தமோ அந்த அர்த்தத்தை டுவேன் எடுத்துக்கொண்டார். வாய் பிளந்து, கண்ணில் நீர் வழிய, தோள் குலுங்க நின்ற நான் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் நிற்பவளாகத் தெரிந்திருக்கிறேன், படத்தை நானும் பார்த்தேன், எனக்கே அப்படித்தான் தெரிந்தது. கர்ட் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான், தன் நம்பர் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். சுத்தியல் விழுந்தது. அப்பா இரண்டு தட்டில் பலகாரத்தோடு வந்து, “என்ன வாங்கின?” என்றார். நான் வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தேன், வழக்கம்போல் ஏதோ கிண்டலாகச் சொல்லப் போகிறேன் என்று அவரும் காத்திருந்தார், பாவம்.

நல்லவேளை லைல் கூட்டத்தில் இருந்தான், என்னைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டு கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய், சாண்ட்விச் சுற்றுகிற பிளாஸ்டிக் உறைகளைக் கட்டைவிரல்களில் மாட்டிக்கொண்டு, கீழ்க் கடைவாய்ப் பற்களின் மேல் வைத்துக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளினான், தொப்பென்று உள்ளே விழுந்தது. “நான் ரெண்டு வெரல்னு சொன்னேன் டீச்சர், நீங்க பள்ளிக்கூட கேட்டு மாதிரி தொறந்திருக்கீங்க” என்றான். இதுவரைக்கும் நடந்தது விபத்து. இதற்குப் பிறகு நடந்தது நான். கொட்டகை மூலையில் லவோன் வந்து நின்றாள், கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள், “உனக்கெதுக்கு ஆர்டிஸ் அது? உங்க கொட்டகையிலதான் ரெண்டு நிக்குதே?” என்று. என் வாய் திரும்பி வந்து அரை நிமிஷம்தான் ஆகியிருந்தது. தாடை பிடித்துக்கொண்டது, தெரியாமல் நடந்துவிட்டது, மன்னித்துக்கொள், இவற்றில் எதையாவது சொல்லியிருக்கலாம். “சும்மா நிக்கற ரெண்டுக்கும் பேச்சுத்துணை வேணும்ல” என்றேன். அது எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதே, தட்டினால் முழங்கால் துள்ளுகிற மாதிரி வந்தது. லவோன் சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். பிறகு நான் பின்னாலேயே ஓடி, பார்த்தவர்களிடமெல்லாம் உண்மையைச் சொன்னேன், தாடை பிடித்துக்கொண்டது, பேச முடியவில்லை என்று. ஆர்டிஸ் ஹால்வர்ஸனுக்கு வாய் வேலை செய்யவில்லையாம் என்று ஆளுக்கு ஆள் சொல்லிச் சிரித்தார்கள். இதை அடுத்த வாரம் பத்திரிகையில் எழுதுவீங்கல்ல டீச்சர் என்று, என் வாரப் பத்தியை விடாமல் படிக்கிற ஒருவன் கேட்டான். முகம் சுளித்தவர்கள் உண்டு, கோபப்பட்டவர்கள் உண்டு, அத்தனை பேர் மத்தியில் ஆச்சரியப்பட்டவர் மட்டும் ஒருவரும் இல்லை. ஒரு விதவையின் மகனிடமிருந்து அவன் அப்பாவின் டிராக்டரைப் பறித்துவிட்டு ஊர் நடுவில் நின்று நான் சிரிப்பேன் என்று நம்ப யாருக்கும் ஒரு சிரமமும் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். தாடை வலித்தது, மறுநாள் நீ ஃபோன் செய்தபோது வாய் திறக்க முடியாமல் வீங்கியிருந்தது, அது பரவாயில்லை.

அப்பா டுவேனிடம் போய் ரத்து செய்யச் சொன்னார், “சுத்தி விழுந்தா விழுந்ததுதான் ஓரின்” என்றார் டுவேன். ஞாயிறு மத்தியானம் அப்பா கர்ட்டிடம் போய் எடுத்துக்கொள் என்றார், “ஏலம்னா ஏலம்ங்க, டீச்சருக்குப் பிடிச்சிருக்கு, வச்சுக்கட்டும்” என்று கதவருகிலேயே சொல்லி அனுப்பிவிட்டான். நோயாளி விஷயத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்றிருந்த லைலிடம் தாராளமாகச் சொல்லு என்று எழுதிக் கொடுத்தேன், அவனும் தானியக் கிடங்கில் காலைக் காப்பிக்குக் கூடுகிறவர்களிடம் சொல்லியிருக்கிறான், டீச்சர் உனக்கு வசனம் நல்லாவே எழுதிக் குடுத்திருக்காங்க என்று அவன் முதுகில் தட்டினார்களாம். டிராக்டர் நம் முற்றத்தில் நின்றது. மாட்டுத் தொழுவத்துக்குப் போக உன் அப்பா அதைச் சுற்றிக்கொண்டு போகாமல், வீட்டையே சுற்றிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அவர் குறை சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். புதன்கிழமை தேவாலயத்துத் தவக்கால சூப் விருந்தில் என் மேஜையில் இடம் இருந்தது, நிறையவே இருந்தது.

நேற்று லவோன் வீட்டுக்குப் போனேன். எலுமிச்சை பார் என்கிற அந்த இனிப்பைச் செய்து எடுத்துக்கொண்டேன். என்ன சொல்வது என்று வண்டியிலேயே தயார் செய்துகொண்டேன், நல்ல பேச்சு, முதல் பகுதியில் விளக்கம், நடுவில் வருத்தம், கடைசியில் கொஞ்சம் என்னை நானே கேலி செய்துகொள்கிற மாதிரி, வெட்கமாக இருக்கிறது எழுத, எங்கே மூச்சு விட வேண்டும் என்றுகூட முடிவு செய்திருந்தேன். கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் மூச்சை நன்றாக இழுத்து, லவோன் என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன், அங்கேயே பிடித்துக்கொண்டது. “இன்னிக்கு என்ன கூத்து ஆர்டிஸ்?” என்றாள். நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன். எச்சில் முகவாயில் வழிந்து கோட்டில் விழுந்தது, துடைக்கக் கையில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள், தட்டை வாங்கினாள், “அடிப் பாவி, நெசமாவா?” என்றாள்.

சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து லைலுக்கு ஃபோன் போட்டு மேஜையில் வைத்தாள். அவன் எங்கேயோ பண்ணையில் ஒருவர் முதுகில் கை வைத்திருந்தான், வர அரை மணி ஆகும், அதுவரை நீங்களே முயற்சி செய்யுங்கள், வரவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லி, விரலில் துணி சுற்றுவதிலிருந்து எங்கே அழுத்துவது வரை சொல்லிக்கொடுத்தான். கன்றுக்குட்டிகளுக்கு வாயைப் பிளந்து மருந்து கொடுத்த கை அவளுடையது, பயமில்லாமல் உள்ளே வைத்தாள். அழுத்தினாள், அசையவில்லை. “இறுக்கிப் பிடிச்சிருக்காங்களா? அவங்க தளர்ந்தாத்தான் வரும். அழுத்திக்கிட்டே ஏதாச்சும் பேசிக்கிட்டிருங்க” என்றான் லைல். என்ன பேசுவது என்று லவோன் கேட்டாள். மனசில் என்ன வருகிறதோ அதை என்றான், நல்ல பையன், அவனுக்கு ஒன்றும் தெரியாது. லவோன் இரண்டு கட்டைவிரலும் என் வாய்க்குள் இருக்க, என் கண்ணைப் பார்த்தபடி பேசினாள். “மைலோ அடக்கத்தன்னிக்கு எம் பக்கத்துல உக்காந்தே. பாஸ்டர் ஜெபத்துல பண்ண இலக்கணத் தப்ப எங் காதுல சொன்னே. நான் சிரிச்சுட்டேன். எம் புருஷன் பெட்டி முன்னாடி சிரிச்சுட்டேன் ஆர்டிஸ். வீட்டுக்கு வந்து அதுக்குத்தான் அழுதேன், அவருக்குக்கூட அப்புறந்தான்” என்றாள். “உங்கூடக் காப்பி குடிக்க வரணும்னா என்ன பேசறதுன்னு வீட்லயே ஒத்திகை பாத்துட்டு வருவேன், தெரியுமா? எது சொன்னாலும் அதத் திருப்பி என் தலையிலேயே போடுவே. எல்லாரும் சிரிப்பாங்க, நானும் சிரிப்பேன், வேற என்ன பண்றது” என்றாள். எனக்குப் பதில் வந்தது மாரென், ஒவ்வொன்றுக்கும் வந்தது, நல்ல பதில்கள், அவள் விரல்களில் முட்டி முட்டி உள்ளேயே போயின. அப்புறம் அவள், “ஒம் பொண்ணு போயிப் போயி பூமி உருண்டையோட அடிப் பக்கத்துல உக்காந்திருக்காளே, அதுக்கும் அந்தப் பக்கம் கடல்தான், என்னிக்காச்சும் ஏன்னு அவளக் கேட்டியா?” என்றாள். அதற்கு மட்டும் எனக்குப் பதில் வரவில்லை. அந்த நேரத்தில்தான் எங்கோ தளர்ந்தது. தாடை உள்ளே போன வேகத்தில் அவள் விரலைக் கடித்துவிட்டேன். ஃபோனிலிருந்து லைல், “சத்தம் கேட்டுச்சு, வந்துருச்சா?” என்றான்.

லவோன் விரலை உதறினாள், ஊதினாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள், அந்தச் சிரிப்பை வரவைக்க நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. வாயைத் திறந்துவிடாமல் இருக்க ஒரு பாத்திரத் துணியை என் முகவாய்க்கு அடியில் கொடுத்து உச்சியில் முடிச்சுப் போட்டாள். டிராக்டரைப் பற்றியும் அவளேதான் முடிவு சொன்னாள், கர்ட் கடைசியாகக் கேட்ட விலைக்கு எடுத்துக்கொள்வான், அதற்கு மேல் ஏறியது உன் முகவாய்க்கு ஆன செலவு, இனாமும் வேண்டாம், அதைப் பற்றி ஜோக்கும் வேண்டாம் என்றாள். சாயங்காலம் கர்ட் நம் வீட்டுக்கு வந்தான். துணி முடிச்சோடு நான் முற்றத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, “அப்ப லைல் சொன்னது நெசந்தானா டீச்சர்?” என்றான். தலையை ஆட்டினேன். தொப்பியைக் கழற்றி, “தப்பா நெனச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க” என்றான். அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். இந்த வாரத்தில் பட்டதிலெல்லாம் அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது, அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா டிராக்டரைக் கிளப்பிக் கொடுத்தார், சாலை வளைவு வரை பார்த்துக்கொண்டு நின்றார், உள்ளே வந்து இரண்டு தட்டு சூப் குடித்தார்.

லைல் பத்து நாளைக்குப் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டான். பத்திரிகைக்கு இந்த வாரம் பத்தி அனுப்பவில்லை, ஆசிரியர் ஏன் என்று கேட்கவுமில்லை. நீயும் சின்ன வயதில் தூக்கத்தில் பல்லைக் கடிப்பாய், இது என் வழியாக வந்த சொத்து, காலையில் கன்னம் வலித்தால் அலட்சியம் செய்யாதே, அங்கேயும் நல்ல கைரோபிராக்டர் இருப்பார், கழுத்தோடு சேர்த்துப் பார்க்கச் சொல். அங்கே குளிர் ஆரம்பிக்கப் போகிறது, கம்பளிச் சட்டையை வெளியே எடுத்து வை. வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் வேலையும் வீடும் நன்றாக இருக்கட்டும், உன்னைச் சுற்றி அன்பாகப் பேசுகிற மனிதர்கள் இருக்கட்டும், கடவுள் உன்னைக் காக்கட்டும்.

லவோன் கேட்ட கேள்வியை உன்னிடம் கடிதத்தில் கேட்க எனக்குத் தைரியமில்லை, கேட்கிற உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்கு ஃபோன் செய். அப்பா எடுத்து என் காதில் வைப்பார். சொல்ல வேண்டும் என்று ஏதாவது இருந்தால் சொல்லு, நடுவில் யாரும் பேச மாட்டார்கள். இல்லையென்றால் அங்கே மழை பெய்ததா, பக்கத்து வீட்டு நாய் எப்படி இருக்கிறது என்று சொல், அதையும் கேட்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்தப் பக்கத்திலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை என்று வைத்துவிடாதே. நான் இருப்பேன்.

அன்புடன்,
உன் அம்மா
ஆர்டிஸ்